38,000 மணி நேரம் ஓடிய ஒரு கிரையோகூலரோடு என் அனுபவம்

எம்.ஆர்.ஐ. அறைக்குள் போய் வந்தவர்களுக்குத் தெரியும். ஸ்கேன் தொடங்குவதற்கு முன்பே நொடிக்கு ஒருமுறை 'சீக்... சீக்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் காந்தத்தைக் குளிரில் வைத்திருக்கிற கிரையோகூலரின் சத்தம் அது. அந்தச் சத்தத்தோடுதான் நான் 6 வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். எங்கள் ஆய்வகத்தில் மீக்கடத்திகளின் (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருட்கள்) மின்தடையை அளக்கும் கருவியில் இருப்பது கிஃபோர்ட்-மக்மேஹன் வகை, ஜி.எம். என்போம். கம்ப்ரஸரின் மணிக்காட்டி 38,000ஐத் தாண்டிவிட்டது.

அதற்கு முன்பு திரவ ஹீலியம்தான். 1908இல் லைடனில் காமர்லிங் ஓனஸ் முதன்முதலில் ஹீலியத்தைத் திரவமாக்கிய காலத்திலிருந்து 4.2 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸுக்கு, அதுவே வழி. பெரிய குடுவையில் வரும். குழாய் செருகி மாற்றுவோம். மாற்றும்போதே ஒரு பங்கு ஆவியாகிப் போய்விடும். உலகத்துக்கே ஹீலியம் அமெரிக்கா, கத்தார், அல்ஜீரியா, ரஷ்யா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களிலிருந்து வருகிறது. 2017இல் கத்தார் மீது அண்டை நாடுகள் தடை போட்டபோது அங்கிருந்து வரவேண்டிய ஹீலியமும் சிக்கிக்கொண்டது. இந்த வம்பே வேண்டாம் என்றுதான் மெஷினுக்கு மாறினோம். இதில் ஹீலியம் மூடிய சுற்றிலேயே சுழல்கிறது, தீர்ந்துபோவதில்லை.

மாறியதும் முதலில் உறைத்தது கரண்ட் பில். 4.2 கெல்வினில் 1 வாட் வெப்பத்தை வெளியே தள்ள எங்கள் கம்ப்ரஸர் ஏறக்குறைய 7 கிலோவாட் இழுக்கிறது. இயற்பியல் விதிப்படி குறைந்தபட்சம் 70 வாட் போதும். நடைமுறையில் அதைப்போல 100 மடங்கு. இந்த வகையில் இது சாதாரணம்தான், என் மெஷின் மட்டும் மோசமில்லை. முன்பெல்லாம் ஜி.எம். கூலர்கள் 10 கெல்வின் பக்கத்திலேயே நின்றுவிடும். உள்ளே குளிரைத் தேக்கிவைக்கும் ஈயக் குண்டுகள் அதற்குக் கீழே வெப்பத்தைப் பிடிக்கத் திராணியற்றுப் போகும். எர்பியம், ஹோல்மியம் கலந்த உலோகக் கலவைகளை அந்த இடத்தில் போட்டபிறகுதான் 4 கெல்வின் கைக்கு எட்டியது.

அந்த 7 கிலோவாட்டும் கடைசியில் தண்ணீரில்தான் போய்ச் சேரும். எனக்கு வந்த வினையும் தண்ணீர் வழியாகத்தான் வந்தது. இரண்டாம் வருடம் ஒரு ராத்திரி, அந்தத் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லரின் வடிகட்டியில் பாசி அடைத்து, கம்ப்ரஸர் சூடேறி, தானே நின்றுவிட்டது. ஐந்து நாளாக ஓடிய அளவீடு அது. கிராஃபில் பார்த்தேன்: 4இலிருந்து 20 கெல்வினுக்குச் சில நிமிடங்களிலேயே எகிறியிருந்தது. அந்தக் குளிரில் செம்பின் வெப்பக் கொள்ளளவு அவ்வளவு அற்பம், பிடித்துவைக்க எதுவுமில்லை. திரவ ஹீலியமாக இருந்திருந்தால் தொட்டியில் மிச்சமிருப்பது சில மணி நேரமாவது தாக்குப்பிடித்திருக்கும். வடிகட்டியைத் திறந்தபோது பச்சைக் கூழ். இப்போது மாதம் ஒருமுறை கழுவுகிறோம். பல லட்சம் போட்டு வாங்கிய சாதனத்தைப் படுக்கவைத்தது பாசி!

இன்னொரு பாடம் காதால் படித்தது. நான்காம் வருடம் 'சீக்' என்பது 'கிரீச்' என்று மாறியது. வெப்பமானி 3.2இலிருந்து மெல்ல 3.9க்கு ஏறியிருந்தது. சில வாரம் முன்பு சர்வீஸுக்கு வந்தவர் ஹீலியம் குழாயை மாட்டும்போது வாஷரைச் சரியாக உட்காரவைக்கவில்லை. துளி காற்று உள்ளே போய், குளிர்ந்த பகுதியில் பனியாக உறைந்து, கூலருக்குள் மேலும் கீழும் ஆடும் டிஸ்ப்ளேசர் என்ற தண்டை உரசியிருக்கிறது. முழுக்க அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, சில நிமிடம் ஓட்டி, வாயுவை வெளியேற்றி, 99.999 சதவீதத் தூய்மையுள்ள ஹீலியத்தை நிரப்பி, மறுபடி ஓட்டி, மறுபடி வெளியேற்றி... இரண்டு நாள் பிழைப்பு போனது. அதிலிருந்து காலையில் உள்ளே நுழைந்ததும் திரையைப் பார்ப்பதற்கு முன் சத்தத்தைத்தான் கேட்கிறேன்.

அதிர்வைப் பற்றிச் சுருக்கமாக: மின்தடைக்குப் பரவாயில்லை, நுண்ணோக்கி வேலைக்கு ஜி.எம். ஒத்துவராது. சில நுட்பமான அளவீடுகளுக்கு நான் கூலரை நிறுத்திவிட்டு, சூடேறுவதற்குள் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவேன். பல்ஸ் டியூப் வகையில் குளிர் முனையில் அசையும் உறுப்பே கிடையாது, அதனால் அமைதி அதிகம். ஆனால் குளிர் முனை கீழே பார்த்தபடி நேராக நிற்கவேண்டும்; சாய்த்தால் திறன் விழுந்துவிடும்.

சந்தை என்று பார்த்தால் எங்களைப் போன்ற ஆய்வகங்கள் ஓரத்தில் நிற்கிற வாடிக்கையாளர்கள். மருத்துவமனைக் காந்தங்களும், சிப் தொழிற்சாலைகளில் வெற்றிடம் உண்டாக்கும் கிரையோபம்ப்களும்தான் பெரிய வாய்கள். அகச்சிவப்புக் கேமராக்களுக்கு உள்ளங்கையில் அடங்கும் ஸ்டர்லிங் கூலர்கள் தனிக் கணக்கு. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் நிக்மோஸ் என்ற அகச்சிவப்புக் கருவிக்குக்கூட எங்கள் கதைதான்: திட நைட்ரஜன் 1999இல் முன்கூட்டியே தீர்ந்துபோக, 2002இல் விண்வெளி வீரர்கள் போய் ஒரு கூலரை மாட்டிவிட்டு வந்தார்கள். இப்போது புதிதாகப் பந்தியில் உட்கார்ந்திருப்பது குவாண்டம் கணினி. அதன் சில்லுகளை ஒரு கெல்வினுக்கும் வெகு கீழே கொண்டுபோகும் டைலூஷன் ஃப்ரிட்ஜ்களை முதற்கட்டமாகக் குளிரூட்ட பல்ஸ் டியூப் வேண்டும். அந்த ஃப்ரிட்ஜ்களைச் செய்யும் ஃபின்லாந்தின் புளூஃபோர்ஸ் 2023இல் பல்ஸ் டியூப் செய்யும் அமெரிக்காவின் கிரையோமெக்கை வாங்கியதைப் பார்த்தாலே யாருக்கு எது தேவைப்படுகிறது என்று புரியும்.

விற்பவர் காட்டும் விலையைவிட, கோல்ட் ஹெட்டின், அதாவது குளிரை உண்டாக்கும் பகுதியின், சீல்களுக்கு எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை சர்வீஸ் என்று கேளுங்கள். எனக்கு 10,000 மணி சொன்னார்கள், 13,000 வரை இழுத்தேன், கடைசி 2,000 மணியில் அளவீடுகள் சரியாக வரவில்லை. கம்ப்ரஸரின் எண்ணெய் உறிஞ்சிக்கு 20,000 மணி. பழைய கோல்ட் ஹெட்டைக் கொடுத்து, சரிசெய்ததை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறதா, வந்துசேர எத்தனை வாரம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒருமுறை 11 வாரம் ஆனது.

அடுத்த அறைக்குப் பல்ஸ் டியூப் கேட்டு எழுதிக்கொடுத்திருக்கிறேன். கூடவே தனிச் சில்லரும், வடிகட்டி இரண்டும்.