பெயரா, ஒலியா? ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு எந்த வழி?

மகள் யுகேஜிக்குப் போனபோது ஆங்கிலம் படிக்கச் சொல்லித் தர எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நம்மில் பெரும்பாலானோர் படித்த பழைய வழி: எழுத்தின் பெயரைக் கற்று, ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்வது. மற்றொன்று ஃபோனிக்ஸ்: பெயருக்கு முன்பே எழுத்தின் ஒலியைக் கற்று, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லைப் படிப்பது. நாங்கள் ஃபோனிக்ஸைத் தேர்ந்தெடுத்தோம். அவள் இப்போது இரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

செலவில் பெரிய வேறுபாடு இல்லை. பாடல்களும் அட்டைகளும் இரண்டு வழிக்குமே தாராளமாகக் கிடைக்கின்றன. பழைய வழியில் பாட்டி, தாத்தா, பக்கத்து வீட்டு அக்கா என எவரும் உட்கார்ந்து சொல்லித் தரலாம் என்பது உண்மையான வசதி.

முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: யாரும் சொல்லித் தராத சொல் எதிரில் வந்தால் குழந்தை என்ன செய்யும்? பீ, ஐ, என் என்று எத்தனை வேகமாகச் சொன்னாலும் அதிலிருந்து ‘பின்’ பிறப்பதில்லை. ஆகவே குழந்தை அதை உருப்போடுகிறது. அடுத்த வரியில் ‘டின்’ வந்தால் நம் முகத்தைப் பார்க்கிறது. ஒலியைக் கற்ற குழந்தையோ ப், இ, ன் என்று சேர்த்து ‘பின்’ என்கிறது. முதல் ஒலியை மட்டும் மாற்றி ‘டின்’ என்கிறது. ஃபோனிக்ஸ் பாடத்திட்டங்கள் பல எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆகிய ஆறு எழுத்துகளில் தொடங்குவது இதற்காகத்தான். டிப், சிட், ஸ்பின் என்று அந்த ஆறிலேயே எத்தனையோ சொற்கள் கிடைத்துவிடுகின்றன.

இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. அதை யாரும் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம். ப் + இ = பி என்று தமிழ் வகுப்பில் சொல்லித் தருகிறோமே, ஒலி சேர்த்தல் என்பது அதுவேதான். புள்ளி வைத்த எழுத்து எப்படி ஒலிக்கும் என்று தெரிந்த குழந்தைக்கு ஃபோனிக்ஸின் கடினமான பாதி ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. மகளுக்கு நான் உயிர்மெய் அட்டவணையையும் ஆங்கில எழுத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே சொல்லிக் கொடுத்தேன்.

ஆனால் அதே தமிழ் நாக்கு ஒரு தொல்லையும் கொடுக்கும். பேச்சில் நாம் வல்லின மெய்யோடு சொல்லை முடிப்பதில்லை; கப்பு, நெட்டு என்று ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். பு, இ, னு என்று ஒலிகளைக் கற்ற குழந்தை அவற்றைச் சேர்த்தால் ‘புஇனு’தான் வரும், ‘பின்’ வராது. ஃபோனிக்ஸ் பயனில்லை என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோர் முதலில் இதைத்தான் கவனிக்க வேண்டும். வகுப்பில் சேர்ப்பதற்கு முன் ஆசிரியர் சொல்வது ‘ம்’மா, ‘மு’வா என்று காது கொடுத்துக் கேளுங்கள். ம், ஸ், ன் ஆகியவற்றை நீட்டிச் சொல்ல முடியும் என்பதால் முதலில் அவற்றில் பழக்குவது எளிது. ப், ட், க் நீளாதவை. சட்டென்று சொல்லி நிறுத்த வேண்டும்.

குழந்தை உண்மையில் படிக்கிறதா, நினைவிலிருந்து ஒப்பிக்கிறதா என்று அறிய ஒரு நல்ல வழி இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே 2012 முதல் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு 40 சொற்கள் கொண்ட தேர்வு வைக்கிறார்கள். அவற்றில் பாதி, பொருளே இல்லாத புனைசொற்கள். வீட்டிலும் ‘டெப்’, ‘நிம்’ என்று எழுதிக் காட்டிப் பாருங்கள். மனப்பாடம் அங்கே உதவாது.

பழைய வழிக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆங்கிலம் 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதும் மொழி. ‘சொன்னான்’ என்ற பொருளில் ‘செட்’ என்று ஒலிக்கும் வினையையும், ‘வன்’ என்று ஒலிக்கும் ‘ஒன்று’ என்ற எண்ணையும் அவற்றின் எழுத்துகளிலிருந்து ஒரு குழந்தை கண்டுபிடித்துவிடாது. இவற்றை முழுச் சொல்லாகக் கற்கத்தான் வேண்டும். ஆனால் பார்த்தவுடன் படிக்க வேண்டிய சொற்கள் என்று பள்ளிகள் தரும் பட்டியல் முழுவதையும் அப்படி உருப்போட வேண்டியதில்லை. அடிக்கடி வரும் 220 ஆங்கிலச் சொற்களைத் தொகுத்த, பலரும் பயன்படுத்தும் டால்ச் பட்டியலிலேயே இன், இட், ரன், கெட் என ஒலி சேர்த்துப் படிக்கக்கூடியவை நிறைய. அவற்றைக் கழித்தால் மனப்பாடச் சுமை நன்றாகக் குறையும். டிக்டேஷனுக்கும் அகராதி பார்ப்பதற்கும் எழுத்தின் பெயர் தேவை. அதை ஒலிகள் ஓரளவு பிடிபட்ட பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

எழுதுவதைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. மகள் தடையின்றிப் படிக்கிறாள். ஆனால் எழுதும்போது ‘ரெய்ன்’ என்பதற்கு நடுவில் ஏ, ஐ சேர்ப்பதா, கடைசியில் ஈ சேர்ப்பதா என்று இன்னும் தடுமாறுகிறாள். அந்த இடத்தில், பலமுறை எழுதிப் பார்க்கும் பழைய பழக்கத்தைத்தான் நாங்களும் கைக்கொண்டிருக்கிறோம்.