வீட்டுக்கணக்கு: குமோன், கான் அகாடமி, போட்டோமேத்

கணக்கு வராத பிள்ளைக்கு இன்று பெற்றோர் தேடிப்போகும் இந்த மூன்றும், கணக்கு வராத வீட்டுப் பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் உதவப்போனதில் தொடங்கியவைதான். 1954இல் ஒசாகாவில் பள்ளிக் கணித ஆசிரியர் டோரு குமோன், இரண்டாம் வகுப்பு படித்த மகனுக்காகப் பயிற்சித்தாள்களைக் கையால் எழுதினார்; அதுவே குமோன் பயிற்சி வகுப்பானது. 2004இல் பாஸ்டனில் இருந்த சல்மான் கான் (நடிகர் அல்லர்), நியூ ஆர்லியன்ஸில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்தே கணக்குச் சொல்லிக்கொடுத்தார்; அதுவே பின்னர் இணையத்தில் வீடியோவாகப் பாடம் சொல்லும் கான் அகாடமி ஆனது. குரோஷியாவின் டாமிர் சாபோல், தன் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டியவர். 2014இல் வந்த அவருடைய போட்டோமேத் என்ற கைப்பேசிச் செயலி இப்போது கூகுள் வசம்.

குமோன் பயிற்சியை நம்புகிறது. பிள்ளை படிக்கும் வகுப்புக்குக் கீழே, எளிதாக வருகிற இடத்தில் தொடங்கி, தினமும் சில தாள்கள். வாய்பாடு தடுமாறுகிற, கூட்டலுக்கு இன்னும் விரல் மடக்குகிற பிள்ளைக்கு இது நன்றாகவே பலன் தரும். ஆனால் மாதாமாதம் கட்டணம் உண்டு. நாளைக்குப் பள்ளியில் காட்ட வேண்டிய கணக்குக்கும் அந்தத் தாளுக்கும் பெரும்பாலும் தொடர்பே இருக்காது. ஒரே நாளில் இரண்டு வீட்டுப்பாடம் என்று பிள்ளை அலுத்துக்கொண்டால் அதைக் குற்றம் சொல்ல முடியாது.

கான் அகாடமிக்குக் கட்டணம் இல்லை. பின்னம் ஏன் அப்படிக் கூட்டப்படுகிறது என்பது புரியாத ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏற்றது. தமிழ்வழியில் படிப்பவர்கள் முதலில் தமிழ்நாட்டுப் பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, அதில் வரும் பாட வீடியோவைப் பார்க்கலாம். எதுவானாலும் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் பிள்ளை வீடியோவைப் பார்த்துக்கொண்டே இருக்கும்; பென்சிலைத் தொடாது.

போட்டோமேத்தில் கணக்கின் மீது கேமராவைக் காட்டினால் விடை, வழிமுறை இரண்டும் வந்துவிடும். விடையை மட்டும் பெயர்த்து எழுதிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. ஆகவே இதைப் பிள்ளைக்கான கருவியாகவே நான் பார்க்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தை மறந்துபோன அப்பாவுக்கும் அம்மாவுக்கும், பிள்ளையோடு உட்காருவதற்கு முன் படிகளைப் புரட்டிப் பார்த்துக்கொள்ள இதைவிட வசதியானது இல்லை.

ஆனால் 52 - 27 = 35 என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குமோன் தாளில் தவறு என்று குறி விழும். வீடியோ கழித்தலை முதலிலிருந்து சொல்லும். செயலி 25 என்று காட்டும். அந்த 35 எங்கிருந்து வந்தது? "எப்படிப் போட்டாய், சொல்லு" என்று கேட்டால்தான் தெரியும்: இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டேன் என்று பிள்ளையே சொல்லும். பத்துத் தீக்குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டி, ஐந்து கட்டில் ஒன்றைப் பிரித்துக் காட்டினால் கடன் வாங்குவது விளங்கிவிடும்.

இந்தக் கேள்வியைக் கேட்கக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனவே என் வரிசையில் முதலில் அது. பிள்ளை சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் மற்றவை. கை வேகம் போதாது என்றால் குமோன், அல்லது வீட்டிலேயே தினம் பத்துக் கணக்கு. அடிப்படை புரியவில்லை என்றால் வீடியோ. கேட்கிற நமக்கே குழப்பம் என்றால் போட்டோமேத், அதுவும் நம் கைப்பேசியில்.