வேலூரிலிருந்து சிங்கப்பூர் ஸ்கூல் டூர்: 4 இரவு, 5 பகல் பேக்கேஜ் எப்படி?

காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தனியார் பள்ளிகளுக்கு ஏஜென்சிக்காரர்கள் கொண்டுவந்து நீட்டும் வெளிநாட்டு டூர்களில் சிங்கப்பூருக்குத்தான் எப்போதும் மவுசு. சென்னையிலிருந்து 4 மணி நேரப் பறப்பு, தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்காத ஊர். ஏஜென்சி பெயர் எதையும் இங்கே சொல்லவில்லை. யாரிடம் வாங்கினாலும் பேக்கேஜின் அச்சு ஏறக்குறைய ஒன்றுதான். சிங்கப்பூரில் பஸ், ஓட்டல், நுழைவுச்சீட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது அங்குள்ள வேறொரு கம்பெனி. வேலூர் ஆபீஸ் விசாவும் விமான டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்து, பணத்தை வாங்கி அங்கே அனுப்புகிறது.

ஊர் சுற்றிக் காட்டும் பகுதிக்கு 5க்கு 4 கொடுக்கலாம். பஸ் நேரத்துக்கு வரும், டிரைவர் கத்த மாட்டார், டிக்கெட் கையில் இருக்கும். கிளம்புவதற்கு முந்தைய காகித வேலைக்கும் முதல் நாள் நிகழ்ச்சி நிரலுக்கும் 2 கொடுப்பதே அதிகம். பள்ளிகளோ ‘இன்னும் ஒரு ஸ்பாட் சேர்த்துக் கொடுங்க சார்’ என்று மட்டும் பேரம் பேசிவிட்டு முன்பணத்தைக் கட்டிவிடுகின்றன.

காகித வேலையில் முதல் வில்லங்கம் நம் ஊர் இனிஷியல். பையனின் டி.சி.யில் கே.சஞ்சய், ஆதாரில் சஞ்சய் கே, பிறப்புச் சான்றிதழில் வெறும் சஞ்சய் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் சர்நேம், கிவன்நேம் என்று 2 கட்டங்கள். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்ட பாஸ்போர்ட்டுகள் இந்தப் பக்கம் ஏராளம். அதை வைத்து சிங்கப்பூர் போய்வர முடியும். ஆனால் விமான டிக்கெட் எடுக்கும் கணினி காலிக் கட்டத்தை ஏற்காது. சில விமான நிறுவனங்கள் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கின்றன, சில எஃப்.என்.யு. (‘முதல் பெயர் தெரியாது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று நிரப்பச் சொல்கின்றன. இது தெரியாத ஏஜென்சிப் பையன் இனிஷியல் எழுத்தையே சர்நேமாகத் தட்டிவிட்டால், சென்னை கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் ஒத்துப்போகாது. குரூப் ஃபேரில் டிக்கெட் அடித்த பிறகு பெயர் மாற்றுவது லேசில் நடக்கிற காரியமும் இல்லை. அதனால் டிக்கெட் அடிக்கும் முன் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒரு ஆசிரியர் பாஸ்போர்ட் நகல்களைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டே திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறந்த தேதியும் பாஸ்போர்ட் எண்ணும் அதோடு சேர்த்தி.

சிங்கப்பூர் கட்டுப்படியாகவில்லை, துபாய் பார்க்கலாம் என்று ஏஜென்சி பேச்சை மாற்றினால் இன்னும் கவனம் தேவை. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா விஷயத்தில் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கும் பிள்ளைக்கு, அப்பா பெயரை விரித்துச் சர்நேம் கட்டத்தில் எழுதிவிடுவதே பிற்பாடு தலைவலி இல்லாத வழி.

பாஸ்போர்ட்டுக்கு வேலூர் தலைமை அஞ்சலகத்தில் உள்ள சேவை மையம் போதும், சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சாதாரணக் கட்டணம் 1,000 ரூபாய். இணைப்பு டி படிவத்தில் தாய், தந்தை இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மேல்விஷாரம், பேரணாம்பட்டுப் பக்கம் அப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகள் நிறைய. ஒருவர் கையெழுத்து கிடைக்காதபோது இணைப்பு சி தேவைப்படும். இந்த வீடுகளுக்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள். அத்தை கல்யாணத்துக்காக எப்போதோ எடுத்த பாஸ்போர்ட் இருக்கிறது என்று சொல்லும் பிள்ளைகளிடம்தான் அதிகம் உஷாராக இருக்க வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் 5 வருடம்தான் ஓடும், பயணத் தேதியிலிருந்து இன்னும் 6 மாதமாவது அதற்கு ஆயுள் இருக்க வேண்டும். ஏஜென்சிகள் இதை விசா போடும் கட்டத்தில்தான் கவனிக்கின்றன. முன்பணம் வாங்கும் அன்றே நகலையும் வாங்கிப் பார்ப்பதுதான் முறை.

விசாவுக்கு 14ஏ படிவமும் வெள்ளைப் பின்னணியில் 35க்கு 45 மி.மீ. படமும் வேண்டும். பள்ளி அடையாள அட்டைக்கு எடுத்த நீலப் பின்னணிப் படத்தை அனுப்பினால் திரும்பி வரும். விசாக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், ஏஜென்சியின் சர்வீஸ் சார்ஜ் அதற்கு மேல். ‘அரைவல் கார்டு கட்டணம்’ என்று ஒரு வரி பில்லில் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். சிங்கப்பூர் அரசின் தளத்தில், இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்பும் அந்தப் படிவம் முழுக்க இலவசம்.

முதல் நாளைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையில் விமானம் இரவு 11:30க்கு. 8:30க்கு உள்ளே நிற்க வேண்டும் என்றால் வேலூரில் மாலை 4 மணிக்கே பஸ் எடுக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்களோடு ஊர்ந்துதான் போக முடியும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது அங்கே காலை 6 மணி. இரண்டரை மணி நேர வித்தியாசம் இருப்பதால் பிள்ளைகளின் உடம்புக்கு அது விடிகாலை 3:30. தூங்கியது மிஞ்சிப் போனால் 3 மணி நேரம். ஓட்டலில் அறை பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். இடைப்பட்ட நேரத்தை நிரப்ப ஏஜென்சி ‘சிட்டி டூர்’ போடுகிறது. பல் துலக்கியும் துலக்காமலும் மெர்லயன் சிலை முன்னால் புழுக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்து, லிட்டில் இந்தியாவில் சாப்பிடவைத்து, மாலையில் கார்டன்ஸ் பை த பேயில் 7:45 ஒளிக்காட்சிக்கும் கூட்டிப் போகிறார்கள். நண்பகலுக்குள் பஸ்ஸில் இரண்டு பேர் வாந்தி, மாலைக் காட்சியில் பாதிப் பேர் தரையில் படுத்துத் தூக்கம். அந்த நாளே வீண்.

மாற்ற முடியாதது அல்ல இது. முந்தைய இரவுக்கும் சேர்த்து 4 அறை மட்டும் பிடிக்கச் சொல்லி, ஆண், பெண் தனித்தனியாக முறை வைத்துக் குளித்து, கொஞ்சம் தலைசாய்க்க விடலாம். பகல் விமானம் கிடைத்தால் இன்னும் உத்தமம். ஒளிக்காட்சியை மறுநாளுக்குத் தள்ளுங்கள், தினமும்தான் நடக்கிறது.

பிரசுரத்தில் ஜூராங் பறவைப் பூங்கா என்று இருந்தால், அந்தத் தாளைப் பல வருடமாக யாரும் தொடவில்லை என்று பொருள். 2023 ஜனவரியில் அதை மூடிவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் மண்டாயில் திறந்த பேர்ட் பாரடைஸ்தான் இப்போது உள்ளது, மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்திலேயே. இந்திய மரபுடைமை நிலையத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் பார்க்காமல் சிலர் நிரல் போடுகிறார்கள். அறிவியல் மையத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவது அநியாயம். கல்விச் சுற்றுலா என்ற சொல்லுக்கு நியாயம் செய்யும் இடமே அதுதான், 3 மணி நேரமாவது வேண்டும். யுனிவர்சல் ஸ்டுடியோஸை வெட்டினால் பிள்ளைகள் மன்னிக்க மாட்டார்கள். வெட்ட வேண்டியது முஸ்தஃபா என்ற பெரிய கடையில் ‘ஷாப்பிங்’ என்று போட்டிருக்கும் அரை நாளை. அத்தனை தளத்தில் சிதறிய 40 பேரை எண்ணிச் சேர்ப்பதற்குள் ஆசிரியர்களுக்கு உயிர் போய்விடும்.

அதற்காகவே ஆசிரியர் எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வழக்கமான எஃப்.ஓ.சி., அதாவது ஏஜென்சி தரும் இலவச இடம், 15 மாணவருக்கு 1 ஆசிரியர். 10க்கு 1 என்று கேளுங்கள், கொடுக்காவிட்டால் மீதியைப் பள்ளியே கட்டட்டும். ஒரு பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஒருவர் பிரிந்தாலும் கூட்டத்துக்கு ஆள் மிஞ்ச வேண்டும். இலவசம் என்பதில் விசா, விமான வரி அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். எஃப்.ஓ.சி. சீட்டில் தாளாளர் குடும்பம் ஏறி உட்கார்ந்துகொள்ளும் கதைக்கு ஏஜென்சியைக் குறைசொல்லிப் பயனில்லை.

சாப்பாடு நன்றாகவே இருக்கிறது. குறை ஒன்றுதான்: ஒவ்வொரு இரவும் அதே ஜீரா சாதம், பனீர், பருப்பு. தயிர்சாதமும் ரசமும் வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் லிட்டில் இந்தியாவில் கிடைக்காமல் போகாது. ஹலால் வேண்டிய பிள்ளைகள் இருந்தால் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) சான்றிதழ் மாட்டிய கடைகளை மட்டும் நிரலில் போடச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், ஆளுக்கொரு பாட்டில் போதும்.

பெட்டி கட்டும்போது வீட்டில் அரைத்த குருமாப் பொடியை எடுத்துவிடச் சொல்லுங்கள். கசகசா சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள். சூயிங்கமும் கூடாது. உறவினருக்கு என்று ஆற்காடு மக்கன் பேடா எடுத்துப்போனால் ஜீரா கசியாமல் கட்டி, பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் போகாது. சார்ஜருக்குச் சதுரக் கால் உள்ள 3 பின் அடாப்டர் வேண்டும்.

கொட்டேஷனில் சொல்லும் விலை பெரும்பாலும் ஜி.எஸ்.டி.க்கும் டி.சி.எஸ்.ஸுக்கும் (விற்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) முந்தியது. டி.சி.எஸ்.ஸைப் பெற்றோரின் பான் எண்ணில் பிடிக்கச் சொன்னால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பள்ளியின் பெயரில் மொத்தமாகப் பிடித்துவிட்டால் பெற்றோருக்கு அது கிடைக்காது.

திரும்பும் விமானம் சென்னையில் இரவு 10 மணி வாக்கில் இறங்கினால், பெட்டி எடுத்து வெளியே வர 11:30 ஆகும், வேலூர் சேர 2:30. பள்ளி வாசலில் மட்டும் இறக்குவோம் என்பதே ஏஜென்சி வழக்கம். வழியில் உள்ள வாலாஜா, ராணிப்பேட்டை, சத்துவாச்சாரிக்கு இறங்குமிடப் பட்டியலை முன்பே கொடுத்து, பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளையை இறக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.