கட்டுத்தறியில மாடப்புறா தொல்லை: வலையா, வெல்டு மெஷ்ஷா, முள்ளா?

எங்க கட்டுத்தறி, அதாவது மாடு கட்டுற எடம், தகர ஷெட்டு, ஒட்டினாப்புல தீவன ரூமு. கூரையத் தாங்குற இரும்புச் சட்டம் (டிரஸ்) மேல, தகரத்துக்கு அடியில குறுக்க ஓடுற இரும்பு (பர்லின்) இடுக்குல எல்லாம் மாடப்புறா கூடு கட்டிக் கிடந்துச்சு, வலை போட்டதுக்கப்புறம் இப்ப ஒண்ணு கூட இல்ல. போடுறதுக்கு முன்னாடி என்னென்ன வழி இருக்குனு நல்லா அலசிப் பாத்துத்தான் முடிவு பண்ணோம், அதே குழப்பத்துல இருக்கறவங்களுக்காக இது.

எதுக்கு இவ்ளோ மெனக்கெடணும்னு கேப்பாங்க. ஒரு புறா நாளைக்கு சுமாரா 30 கிராம் தானியம் திங்கும், 100 புறா அடைஞ்சா 3 கிலோ, மாசத்துக்கு 90 கிலோ, அம்பது கிலோ மூட்டை கிட்டத்தட்ட ரெண்டு போயிரும். அது கூடப் பரவால்லங்க, தாழியிலயும் தண்ணித் தொட்டியிலயும் எச்சம் விழுகுதே அதுதான் வயித்தெரிச்சல், சால்மோனெல்லா கிருமி அப்படித்தான் மாட்டு வயித்துக்குப் போகுது. காஞ்ச எச்சத்தூள மூச்சுல இழுத்தா கிரிப்டோகாக்கஸ்னு ஒரு பூஞ்சை மனுஷன் நுரையீரலயும் பாதிக்கும். தகரமும் எச்சம் பட்ட எடத்துல சீக்கிரம் துருப்பிடிச்சிரும்.

விரட்டுற சாமான் எல்லாத்தையும் சேத்தே சொல்லிடுறேன். ஆந்தை பொம்மை, பழைய சிடி, மினுக்கு ரிப்பன், வெடி, எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான், ஆபத்து ஒண்ணும் இல்லனு புரிஞ்சிட்டா அந்த பொம்மை பக்கத்துலயே வந்து உக்காரும். அல்ட்ராசோனிக் மிஷின் வாங்கவே வாங்காதீங்க, அந்தச் சத்தம் நம்ம காதுக்கு எட்டாததுனுதான விக்கிறாங்க, புறாவுக்கு அது நம்மள விடவும் கேக்காது, அதோட காது கேக்குற உச்ச எல்லை நம்மளுதுக்கு ரொம்பக் கீழ.

பிடிச்சு தூரமா கொண்டுபோய் விடலாம்னும் சொல்றாங்க. ஒடிசா போலீஸ் பல வருஷம் சேதி அனுப்ப வச்சிருந்ததும் இதே இனத்துப் பறவைதான், வீடு திரும்புற புத்தி அதோட ரத்தத்துல இருக்கு, நீங்க வண்டி ஓட்டி திரும்புறதுக்குள்ள அது வந்து நிக்கும். விஷம் வைக்கிற பேச்சே வேண்டாம், மாடு நாய் மயில்னு எது எதுவோ சாகும்.

முள்ளுப் பட்டை, அதாவது பறவை உக்கார விடாம முள்ளு நீட்டிக்கிட்டு நிக்கற பட்டை, ஜன்னல் விளிம்பு, சன்ஷேடு மாதிரி ஒடுங்கின எடத்துக்கு சரி. ஒரு ஷெட்டுல எத்தன ஆங்கிள், எத்தன பர்லின் இருக்குனு எண்ணிப் பாருங்க, அத்தனைக்கும் அடிச்சாலும் குச்சி கொண்டுவந்து முள்ளு மேலயே கூடு கட்டிக்கும்.

ஆக மிஞ்சுறது வெல்டு மெஷ்ஷும் (கம்பிய குறுக்கும் நெடுக்குமா வெல்டிங் பண்ண கம்பி வலை) நூல் வலையும்தான். மெஷ் கெட்டி, எலி கடிக்காது, அதனால தீவன ரூமுக்கு நாங்க அதுதான் போட்டோம், அரை இஞ்ச் கண்ணு. மாடு கட்டுற ஷெட்டுக்கு ஏன் போடலன்னா, மூத்திர ஆவியும் ஈரமும் எந்நேரமும் இருக்கற எடத்துல ஜிஐ கம்பி மேல இருக்கற துத்தநாக முலாம் நிக்கிறதில்ல, துரு வந்துட்டா பாதியக் கழட்டி பாதிய மாத்துறது பெரிய வேலை. அதோட சைடு முழுக்க அடைச்சா காத்தோட்டமும் கொறையும், டிராக்டர் உள்ள வர வழியும் போயிரும்.

வலைன்னா டிரஸ்ஸோட கீழ் ஆங்கிள் மட்டத்துல சீலிங் மாதிரி இழுத்துக் கட்டிரலாம், சைடு எல்லாம் திறந்தே கிடக்கும், புறா உள்ள வந்தாலும் உக்காரவோ கூடு கட்டவோ எடம் இருக்காது, தானா எடத்த மாத்திக்கும். வெயில் தாங்க யுவி போட்ட ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் வலை, 50 மில்லிமீட்டர் கண்ணு, புறாவுக்கு அது போதும். சிட்டுக்குருவி தாராளமா போய் வரும், அதுல எங்களுக்கு சந்தோஷம்தான். மைனாவும் புகுந்துரும், அதையும் தடுக்கணும்னா 28 மில்லி கேட்டு வாங்குங்க.

இதுல எல்லாமே பராமரிப்புலதாங்க இருக்கு, வாங்குறப்ப யாரும் சொல்றதில்ல. நாலு பக்கமும் ஜிஐ கம்பி ஓட்டி, டர்ன்பக்கிள் (கம்பிய இறுக்குற திருகு) வச்சு முறுக்கேத்தி, அந்தக் கம்பியோட வலைய நெருக்கமா கட்டணும். தொங்குச்சுன்னா பறவை கால் மாட்டி அங்கயே செத்துத் தொங்கும், அது பாவம், நாத்தமும் தாங்காது. ஓரத்துல கைய விடுற அளவு சந்து இருந்தாப் போதும், புறா மேல ஏறிக்கும், அப்புறம் இறங்க வழி தெரியாது. லைட்டு ஃபேன் இருக்கற எடத்துல ஜிப்பு வச்சே தைக்கச் சொல்லுங்க, இல்லன்னா பல்பு மாத்த வர்றவரு கத்திய வச்சுக் கிழிச்சுட்டுப் போயிருவாரு. எங்க பக்கம் ஆடிக் காத்து சும்மா விடாது, அது ஓஞ்சதும் ஒரு தடவ ஏணி போட்டு ஓரம் முழுக்கப் பாத்து கட்டு இறுக்கிடுறோம், ஒட்டடையும் அப்பவே நீளத் தொடப்பத்தால தட்டி விட்டுருவோம். மெஷ்ஷா இருந்தா துருப்பிடிச்ச பாகத்துக்கு வெல்டரத் தேடணும், வலைக்கு கொஞ்சம் நூலும் பொறுமையும் போதும். எங்க வலை இன்னும் புதுசுதான், ரொம்ப வருஷம் வெயில் தூசில எப்படி நிக்கும்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

கோழிப்பண்ணைக்கு இத அப்படியே எடுத்துக்காதீங்க. அங்க வெள்ளைக்கழிச்சல் நோய புறா கொண்டுவரும், உள்ளயே நுழையக் கூடாது, அதனால சைடுல சின்னக் கண்ணு மெஷ்தான் சரின்னு தோணுது, நமக்கு மாட்டு அனுபவம் மட்டும்தான், பண்ணை வச்சிருக்கறவங்க சொன்னா நல்லாருக்கும்.

வலை கட்டுறதுக்கு முன்னாடி கூட்ட ஒண்ணு விடாம பாருங்க. ரெண்டு முட்டை இடும், பொரிய 18 நாள், குஞ்சு பறக்க அதுக்கு மேல ஒரு மாசம். குஞ்சு மேல இருக்கறப்பவே அடைச்சா தாய் வெளிய சுத்தும், குஞ்சு உள்ள பட்டினி கிடந்து சாகும். அது பறந்ததும் அடுத்த முட்டைக்கு எடம் குடுக்காம அன்னைக்கே கூட்டக் கலைச்சிருங்க. பழைய எச்சத்த காஞ்சபடி சுரண்டாதீங்க, தண்ணி தெளிச்சு ஊற வச்சு, என்95 மாஸ்க் போட்டுக்கிட்டு வழிச்செடுங்க, மாட்ட அப்ப வெளிய கட்டிருங்க.