பாண்டியா, ஆலப்புழாவா, கோவாவா: வேலூரிலிருந்து கடலோரம் போய்ச் சாப்பிட, குடிக்க

வேலூரில் கத்திரி வெயில் ஏறியதும் கடல் பேச்சு தானாக வந்துவிடும். மெரினாவில் சுண்டல் தின்றுவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்புகிறவர்களுக்கு இந்த அலசல் வேண்டாம். போகிற ஊரின் சமையலை உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அந்த ஊர்க்காரர்கள் குடிப்பதையும் ஒரு வாய் ருசிபார்க்க வேண்டும் என்று இரண்டு மூன்று நாள் கிளம்புகிறவர்களுக்குத்தான். அவர்கள் வாயில் வரும் பெயர்கள் பாண்டி, ஆலப்புழா, கோவா.

எந்த ஊர் என்று முடிவு செய்யுமுன் காலண்டரைப் பாருங்கள். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நம் பிள்ளைகளின் முழுப் பரீட்சை லீவு அதற்குள்ளேயே முடிந்துவிடும். அந்த நாளில் பாண்டியில் நாட்டுப்படகு மீன்தான் புதுசு. அது கொஞ்சமாக வரும், விலை கையைக் கடிக்கும். மற்றபடி தட்டில் விழும் வஞ்சிரம் ஐஸ் பெட்டியில் எத்தனை நாள் இருந்ததோ. மேற்குக் கரையில் தடை பிந்தித் தொடங்குகிறது: கோவாவில் ஜூன் 1, கேரளாவில் ஜூன் 9 நள்ளிரவு. இரண்டும் ஜூலை 31 வரை. ஆகவே மே மாதம் என்றால் மேற்கே போங்கள், ஜூலை என்றால் பாண்டிக்குப் போங்கள். இதைப் பார்க்காமல் ரூம் போடுகிறவர்கள்தான் அதிகம்.

பாண்டிக்கு ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வழியாக 160 கிலோமீட்டர் பக்கம். காலை டிபன் முடித்துக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். பிரெஞ்சுக்காரர்கள் 1954 வரை ஆண்ட ஊர் என்பதால் ஏதோ சீமைச் சாப்பாடு கிடைக்கும் என்று நினைத்துப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் இருக்கும். அங்கத்திய கிரியோல் சமையல், அதாவது பிரெஞ்சும் தமிழும் கலந்த வீட்டுச் சமையல், முக்கால்வாசி நம் சமையல்தான். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், உளுந்து எல்லாம் சேர்த்து விளக்கெண்ணெய் விட்டு உருட்டி மொட்டைமாடியில் காயவைப்போமே, அந்தத் தாளிப்பு வடகம்தான் அதன் உயிர். பிரான்சு சமையற்காரர்கள் இன்று 'வடுவான்' என்று கொண்டாடுவது அதைத்தான். மிளகாயைக் குறைத்து, தேங்காய்ப்பால் சேர்த்து, எலுமிச்சை பிழிந்தால் பாண்டி. வித்தியாசம் வேண்டுமென்றால், ஒருகாலத்தில் சைகோனுக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய குடும்பங்களின் வழியாக வந்த வியட்நாம் ரோலையும், ரவையில் நெய்யும் ரம்மில் ஊறிய பழமும் சேர்த்துச் செய்யும் கிறிஸ்துமஸ் கேக்கையும் தேடுங்கள். சிக்கல் என்னவென்றால், இந்தச் சமையல் வீடுகளில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த ஒயிட் டவுன் பகுதி ஓட்டல்களில் பாதி பீட்சா போடுகின்றன.

ஒயினும் அங்கே பாட்டிலில் வந்து இறங்குவதுதான். வரி குறைவு என்பதால் தமிழ்நாட்டைவிட மலிவாகக் கிடைக்கும், அவ்வளவே. கடலோரப் புழுக்கத்தில் திராட்சை ஒழுங்காக விளையாது. திராட்சைத் தோட்டம் பார்த்து ஒயின் குடிக்க ஆசையென்றால் கடலை விட்டுவிட்டு பெங்களூர் தாண்டி நந்தி மலைப் பக்கம் போகலாம், வேலூரிலிருந்து அது ஒன்றும் தொலைவில்லை. இன்னொன்று: நம் காரத்துக்குச் சிவப்பு ஒயின் ஆகாது. அதன் துவர்ப்பு மிளகாய் எரிச்சலை ஏற்றிவிடும். லேசாக இனிக்கும் வெள்ளை ஒயின், நாசிக் பக்கத்து செனின் பிளாங்க் போல, நன்றாகக் குளிரவைத்துக் கேளுங்கள். இறால் தொக்கோடு ஒத்துப்போகும். மிச்சமிருந்தால் அங்கேயே முடித்துவிடுங்கள். எல்லைச் செக்போஸ்ட்டில் பாட்டிலோடு பிடிபட்டால் கேஸ்.

ஆலப்புழாவின் கதை வேறு. அங்கே குடிப்பதும் தின்பதும் ஒரே தென்னையிலிருந்து இறங்குகின்றன. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதால் நம்மில் பலருக்குக் கள் என்றாலே சினிமாவில் பார்த்ததுதான். நமக்குத் தெரிந்த பதநீரும் பாளையில் வடிவதே, ஆனால் கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் புளிக்காமல் நிறுத்திவிடுகிறோம். தடவாமல் விட்டால் இறக்கும்போதே புளிப்பு ஏறத் தொடங்கியிருக்கும். காலையில் இளநீரோடு சோடா கலந்த மாதிரி இனிப்பும் சுருக்குமாக இருக்கும். சாயங்காலம் அதே கள் புளித்துக் கனத்துவிடும். முதல்முறை குடிக்கிறவர்கள் பதினோரு மணிக்கே போவது நல்லது.

கள்ளுஷாப்பின் அசல் பெருமை சமையலறைதான். குடம்புளி போட்டுக் கறுத்துப்போன மீன் தலைக்கறி, மசித்த கப்பை (மரவள்ளிக்கிழங்கு), தாராவு (வாத்து) ரோஸ்ட், தேங்காய்ச் சில்லு சேர்த்துப் புரட்டிய கக்கா (மட்டி) இறைச்சி. காரம் முன்னால் நிற்கும், புளிப்பு பின்னால் வரும், நடுவில் கள் அதைக் கழுவிவிடும். சாப்பாட்டுக்குத் தக்கபடி குடி, குடிக்குத் தக்கபடி சாப்பாடு என்று அவர்கள் யோசித்துச் செய்ததல்ல. பல தலைமுறையாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழகியது. வேம்பநாட்டுக் காயலின் கரிமீனை வாழையிலையில் மடித்துச் சுடுவார்கள். முள் அதிகம், பொறுமை வேண்டும். காயல் மீன் என்பதால் கடல் தடைக்காலத்திலும் கிடைக்கும். ஒரு விஷயம் மட்டும்: கேரளாவின் பல மாவட்டங்களுக்குக் கள் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து வண்டியில் வருகிறது. கடைக்காரரிடம் உள்ளூர்ச் சரக்கா என்று கேட்பதில் தப்பில்லை. பெயர்பெற்ற கடைகளில் குடும்பத்தோடு உட்காரத் தனி அறை உண்டு. காட்பாடியில் ராத்திரி ரயிலேறினால் மறுநாள் முற்பகலில் ஆலப்புழா.

கோவா இதைவிட ஆழமான ஊர் என்று வாதாடலாம். போர்ச்சுகீசியர் கப்பல் பயணத்துக்காக ஒயினிலும் பூண்டிலும் கறியை ஊறவைத்தார்கள். கோவா வந்ததும் ஒயினுக்குப் பதில் தென்னங்கள் வினிகர் வந்தது, விந்தாலு பிறந்தது. ரெச்சாடோ மசாலா அடைத்துப் பொரித்த கானாங்கெளுத்தியிலும் அந்த வினிகர்தான். முந்திரிப்பழத்தை மிதித்துப் பிழிந்த சாற்றைப் புளிக்கவைத்து, ஒருமுறை காய்ச்சினால் உர்ராக், மறுபடி காய்ச்சினால் ஃபெனி. ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷம் முழுக்கக் கிடைக்கும், வாடை எல்லாருக்கும் பிடிக்காது. உர்ராக் மார்ச்சிலிருந்து மே வரை மட்டும். லிம்கா ஊற்றி, பச்சைமிளகாய் கீறிப்போட்டு, உப்புத் தூவிக் கொடுப்பார்கள். அதற்காகவே கோவா போகலாம் என்பேன். (பண்ருட்டிப் பக்கம் முந்திரிப்பழம் மரத்தடியில் அழுகிக் கிடப்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.) அந்த மூன்று மாதம் தவிர மற்ற நாளில், பெங்களூர் போய் வண்டி மாறி அவ்வளவு தூரம் அலைவது சாப்பாட்டுக்காக மட்டும் என்றால் கட்டுப்படியாகாது.

நம் ஊரில் வேன் பிடித்தால் கூட்டத்தில் பாய் வீட்டு நண்பர்கள் இல்லாமல் இருக்காது. அவர்களுக்கு கோவா சங்கடம்: சொர்ப்போட்டல் பன்றிக்கறி, வினிகர் கள்ளிலிருந்து வந்தது. கேரளாவிலும் ஆப்பமாவைக் கள் விட்டுப் புளிக்கவைக்கிற கடைகள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கோணத்தில் பாண்டிதான் தொல்லையில்லாதது. குடிக்காதவர், குழந்தை, பெரியவர் எல்லாரும் இருந்தால் பேசாமல் பாண்டிக்கே போய்விடலாம். நாலு பேர் மட்டும், ருசிக்காகவே என்றால் என் ஓட்டு ஆலப்புழாவுக்கு.

யாரும் சொல்லாத நாலாவது ஊர் ஒன்றும் இருக்கிறது: மாஹே. பாண்டிச்சேரியின் ஒரு துண்டு, ஆனால் சுற்றிலும் கேரளா. பாண்டி வரி, மலபார் அடுக்களை. காட்பாடி வழியே போகும் மங்களூர் மெயிலில் தலச்சேரியில் இறங்கினால் மாஹே பக்கத்தில்தான். தலச்சேரியில் கைமா என்கிற பொடி அரிசியில் தம் போட்ட பிரியாணி சாப்பிடலாம். ஆம்பூர்க்காரர் யாரையாவது கூட்டிப்போவதென்றால், சீரகச் சம்பாவா கைமாவா என்ற சண்டை திரும்பி வரும்போது காட்பாடி வரைக்கும் ஓடும்.