நான்கு ஹெட் இருந்தால் ஹை-ஃபை ஆகிவிடாது: பழைய விசிஆர் வாங்கி இருமுறை ஏமாந்தவனின் பதிவு

வீட்டில் இசைப் பதிவு செய்யப் பழைய விசிஆர் (வீடியோ கேசட்டில் பதிவு செய்து போட்டுக் காட்டும் பெட்டி) தேடுகிறவர்கள் பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் ஒரே ஆளிடம் இரண்டு முறை ஏமாந்தேன். முதல் முறை அவர் சொன்ன பொய்யால். இரண்டாம் முறை, பொய்யைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற என் தலைக்கனத்தால்.

அக்கா புல்லாங்குழல் வாசிப்பாள். அவள் மாலையில் தனக்காக வாசிப்பதைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது என் ஆசை. கணினி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் நாடாவில் பதிவாகும் ஒலிமீது எனக்கு ஒரு மயக்கம் உண்டு. ஆடியோ கேசட் என்றால் நாற்பத்தைந்து நிமிடத்தில் பக்கம் மாற்ற வேண்டும். அக்கா மனம் தோய்ந்து வாசிக்கும்போதுதான் அது சரியாகத் தீர்ந்துபோகும். வீடியோ கேசட்டோ மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடும். அதோடு ஹை-ஃபை விசிஆரின் ஒலித்தரம் ஆடியோ கேசட்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று படித்திருந்தேன். அது உண்மைதான். நான் வாங்கிய பெட்டி ஹை-ஃபையா என்பதுதான் கேள்வி.

விற்றவர் பேச்சில் வல்லவர். "நான்கு ஹெட், சார். முகப்பில் ஹெச்க்யூ என்று போட்டிருக்கிறது பாருங்கள். சிடிக்கே மூலப்பிரதி வீடியோ டேப்பில்தான் எடுத்தார்கள், தெரியுமா?" என்றார். இதில் வினை என்னவென்றால், கடைசி வாக்கியம் பொய் இல்லை. சிடி வந்த புதிதில் ஸ்டுடியோக்கள் டிஜிட்டல் ஒலியை வீடியோ சமிக்ஞையாக மாற்றி யூ-மாட்டிக் என்ற வகை வீடியோ கேசட்டில்தான் பதிவு செய்தன. சிடி ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து மாதிரி எடுக்கும் அந்த விசித்திரமான எண்ணே அங்கிருந்து வந்ததுதான்: வீடியோ படத்தின் ஒரு வரிக்கு மூன்று மாதிரி, புலத்துக்கு (அதாவது பாதிப் படத்துக்கு) 294 வரி, வினாடிக்கு 50 புலம். பெருக்கிப் பாருங்கள். 1990களில் எட்டு டிராக் பதிவு செய்த ஏடாட் என்ற டிஜிட்டல் இயந்திரங்களும் எஸ்-விஹெச்எஸ் என்ற வீடியோ கேசட்டில்தான் ஓடின. ஆனால் அவற்றுக்கெல்லாம் தனிக் கருவி வேண்டும். சாதாரண விசிஆரின் பின்னால் வயரைச் செருகினால் அது நடக்காது. ஓர் உண்மையைச் சொல்லி, அதன் முதுகில் பொய்யை ஏற்றி அனுப்பினார்.

நான்கு ஹெட் விஷயத்துக்கு வருகிறேன். ஹெட் என்பது நாடாவில் எழுதவும் அதை வாசிக்கவும் செய்யும் காந்த முனை. விசிஆர் ஒலியை இரண்டு விதமாகப் பதிவு செய்யும். ஒன்று, நாடாவின் மேல் விளிம்பில் ஓடும் நேர்க்கோட்டு டிராக். அசையாமல் நிற்கும் ஒரு ஹெட் அதை எழுதுகிறது. நாடா நகரும் வேகம்தான் இங்கே எல்லாம். ஆடியோ கேசட்டில் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகரும். விஹெச்எஸ் என்ற வீட்டு வீடியோ கேசட்டில், நம் ஊர் பால் டிவி முறையில், 2.34 சென்டிமீட்டர், பாதிகூட இல்லை. ஆகவே ஹை-ஃபை இல்லாத விசிஆர் ஒரு சுமாரான ஆடியோ கேசட்டைவிட மோசமாகத்தான் பதிவு செய்யும். இன்னொன்று, 1980களின் நடுவில் விஹெச்எஸ்ஸுக்கு வந்த ஹை-ஃபை. இதில் பட ஹெட்கள் பொருத்திய சுழலும் டிரம்மிலேயே ஒலிக்குத் தனியாக இரண்டு ஹெட் இருக்கும். டிரம் வினாடிக்கு 25 முறை சுழல்வதால், நாடா ஊர்ந்தாலும் ஹெட் அதன்மேல் வினாடிக்கு 4.8 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஒலி முதலில் நாடாவின் ஆழத்தில் பதிகிறது. படம் அதன்மேல் மேலோட்டமாகப் பதிகிறது. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கிடைப்பது இப்படித்தான்.

'நான்கு ஹெட்' என்பது படத்துக்கான நான்கு. ஹை-ஃபைக்கு அதற்கு மேல் இரண்டு வேண்டும். ஹெச்க்யூ என்பதும் படத்தைத் துலக்கும் சுற்று; ஒலிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. என் பெட்டியின் பின்னால் ஒலிக்கு ஒரே ஒரு வெள்ளைத் துளைதான் இருந்தது. இரண்டு முனையை ஒன்றாக்கும் ஒரு வயரை அவர் இலவசமாகக் கொடுத்தார். அதை நல்ல மனது என்று நினைத்து நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் பதிவைப் போட்டுக் காட்டியபோது அக்கா சிறிது நேரம் கேட்டுவிட்டு, "பக்கத்து வீட்டில் யாரோ வாசிக்கிறார்கள் போல இருக்கிறதே" என்றாள். குழலின் காற்றோசை போயே போய்விட்டிருந்தது. அவள் மூச்சு வாங்க நிறுத்தும் இடங்களில் 'உஸ்' என்ற இரைச்சல் எழும்பி வந்தது. தானாக ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் சுற்றின் வேலை அது. நீண்ட சுரங்கள் லேசாக நடுங்கின. அவளுக்கு அப்படி நடுங்காது.

போய்ச் சண்டை போட்டேன். ஆச்சரியம், அவர் மறுக்கவே இல்லை. "தவறு நடந்துவிட்டது சார்" என்று கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு வேறு பெட்டி கொடுத்தார். ஹை-ஃபை என்று எழுத்து, இரண்டு துளைகள், ஒலியளவைக் காட்டும் மீட்டர், கையால் திருகும் குமிழ். 'முழு சர்வீஸ், புது ஹெட்' என்று ரசீதில் எழுதியும் கொடுத்தார். இந்த முறை நான் சும்மா வரவில்லை. இடப்பக்க வயரை மட்டும் செருகிப் பதிவு செய்து போட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் மட்டுமே கேட்டது. அசல் ஸ்டீரியோ! தெளிந்துவிட்டேன் என்ற நினைப்பில் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

ஏழு மாலைகள் பதிவு செய்தேன், ஏழு கேசட். ஒலி பிரமாதம். அக்காவே இரண்டாவது முறை போடச் சொன்னாள். எட்டாவது மாலை, ஏழாவது கேசட்டைத் திரும்பப் போட்டபோது உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். வெளியே எடுத்தால் நாடா குடலைப் போலத் தொங்கியது.

நண்பரின் விசிஆரை இரவல் வாங்கி மற்ற ஆறையும் போட்டேன். ஒவ்வொன்றிலும் வண்டு ரீங்கரிப்பது போன்ற இரைச்சல். திடீரென்று ஒலி மங்கி மோனோவுக்கு விழும், மறுபடி எழும், மறுபடி விழும். நண்பரின் இயந்திரத்தில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அதில் மற்ற கேசட்டெல்லாம் அழகாக ஓடின.

பழைய இயந்திரங்களை உண்மையாகவே பழுது பார்க்கும் ஒருவரிடம் என் பெட்டியைத் திறந்து காட்டினேன். நாடாவை டிரம்மோடு அணைத்து வழிநடத்தும் உருளைகளில் குறடு பிடித்த தழும்பு இருந்தது. யாரோ தேய்ந்த பாகத்தை மாற்றாமல், உருளையைத் திருகியே படத்தை வரவழைத்திருக்கிறார்கள். அதனால் அந்த இயந்திரம் நாடாவில் தனக்கு மட்டுமே புரியும் கோணத்தில் எழுதியிருக்கிறது. தன் பதிவைத் தானே வாசிக்கும். வேறு எந்த இயந்திரமும் வாசிக்காது. வேறு இயந்திரத்தில் டிராக் நழுவும்போது, ஹெட் மாறும் கணங்கள் வினாடிக்கு 50 முறை வெளியே கேட்கும். அதுதான் அந்த வண்டு. நாடாவை இழுக்கும் ரப்பர் உருளையான பின்ச் ரோலர் கல்லாக இறுகியிருந்தது, பெல்ட் பிசுபிசுவென்று உருகியிருந்தது. 'புது ஹெட்' பழைய ஹெட்தான். டிரம் ஓரத்தில் பஞ்சு இழை வேறு சிக்கியிருந்தது. "பஞ்சுக் குச்சியால் துடைத்திருக்கிறார்கள். ஹெட் முனையையே பெயர்த்துவிடும்" என்றார் அவர். வெளிப்பெட்டி மட்டும் கண்ணாடியாக மின்னியது. அதுதான் நடந்த சர்வீஸ்.

புது ஹெட் என்ற சொல்லைக் கேட்டவுடனே நான் சிரித்திருக்க வேண்டும். கடைசியாக விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனமே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. எங்கிருந்து வாங்கினீர்கள், பழையதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் அங்கேயே வெளுத்திருக்கும்.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்கிறேன். இடப்பக்க வயர் சோதனையைச் செய்யுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். நன்றாக ஓடும் வேறொரு இயந்திரத்தில் ஹை-ஃபையாகப் பதிவான கேசட் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். ஹெட்டை டிராக்கோடு பொருத்தும் டிராக்கிங் குமிழைத் திருகாமலே, வாங்கப்போகும் பெட்டி அதை வாசிக்கிறதா பாருங்கள். அந்தப் பெட்டியிலேயே பத்து நிமிடம் பதிவு செய்து, வேறு இயந்திரத்தில் போட்டுப் பார்த்த பிறகே பணம் என்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் கிளம்பிவிடுங்கள். வாங்கிய பிறகும் முதல் கேசட்டை உடனே வேறு இயந்திரத்தில் சோதியுங்கள். என்னைப் போல் ஏழு வரை காத்திருக்காதீர்கள். பதிவு செய்யும்போது வீடியோ துளைக்கும் ஏதாவது ஒரு படச் சமிக்ஞையைக் கொடுங்கள். படமே இல்லாமல் ஓடினால் சில இயந்திரங்கள் நிலைகொள்ளாமல் தவிக்கும்.

நல்ல இயந்திரம் ஒன்றின் உருளைகளை என் கேசட்டுகளுக்கு ஏற்பத் திருப்ப முடியுமா என்று அந்தப் பழுது பார்ப்பவரிடம் கேட்டேன். "ஒழுங்காக நடப்பவனை நொண்டச் சொல்கிறீர்களா?" என்றார். பிறகு ஒரு வழி சொன்னார். ஹை-ஃபை விசிஆர் பதிவு செய்யும்போது விளிம்பு டிராக்கிலும் அதே ஒலியை மோனோவாக எழுதிவிடும். ஒலித் தேர்வை 'நார்மல்' என்று வைத்தால் அது மட்டும் கேட்கும். நண்பரின் விசிஆரில் அப்படி வைத்து ஆறு கேசட்டையும் கணினிக்கு மாற்றிவிட்டேன். ஆறு மாலைகள் இருக்கின்றன, மறுபடியும் பக்கத்து வீட்டிலிருந்து கேட்பது போல. கசங்கிய ஏழாவதில் மடிப்பு விழுந்தது மேல் விளிம்பில். அந்த இடம் போனது போனதுதான்.

விற்றவர் இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை. நான் திருப்பிக் கொடுத்த முதல் பெட்டியை, மூடியில் இருந்த அதே கீறலோடு, போன வாரம் ஒரு விளம்பரப் படத்தில் பார்த்தேன். 'நான்கு ஹெட் ஹை-ஃபை, இசைப் பதிவுக்கு ஏற்றது' என்று போட்டிருந்தது. படத்தின் ஓரத்தில் அந்த இலவச வயரும் இருந்தது.