நெட்டுக்கு ஒரு வருடக் காசை மொத்தமாகக் கட்டாதீர்கள்: என் 8,500 ரூபாய் போன விதம்

மதுரையில் ஐயர் பங்களா, திருப்பாலை, ஆனையூர் பக்கம் குடியிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். நெட் கனெக்‌ஷனுக்கு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கொடுத்தேன். நான்கு மாதம்தான் நெட் வந்தது. அந்த நான்கு மாதமும்கூட எனக்குச் சொன்ன பிளான் ஓடவில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போவதால் கம்பெனி பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் வீட்டிலிருந்து மெடிக்கல் பில்லிங் வேலை பார்க்கிறேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் கணக்கு என்பதால் சாயங்காலம் 6 மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ராத்திரி 3 ஆகிவிடும். நெட் இல்லாத அன்றைக்குச் சம்பளம் கிடையாது. மகன் பிளஸ் டூ, அவனுக்கும் ஆன்லைன் வகுப்பு இருக்கிறது. 2024 மே மாதம் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். பழைய வீட்டில் வைத்திருந்த கனெக்‌ஷனுக்கு இந்தத் தெருவில் லைன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சாமான்களைப் பிரித்துக்கூட முடிக்கவில்லை, நெட் கம்பெனி ஆள் என்று ஒருவர் வந்து நின்றார். கழுத்தில் ஐடி கார்டு, சட்டையில் கம்பெனி பெயர், கையில் ஒரு கட்டு நோட்டீஸ். "100 எம்பிபிஎஸ் மேடம், அன்லிமிடெட். மாசாமாசம்னா 700 பிளஸ் ஜிஎஸ்டி. வருஷத்துக்கு மொத்தமா கட்டிட்டா பத்து மாசக் காசுதான். ஜிஎஸ்டிய நாங்களே பாத்துக்குவோம்." அதாவது 7,000 ரூபாய். வீட்டில் வைக்கும் நெட் பெட்டிக்கு டெபாசிட் 1,500. மொத்தம் 8,500.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் மாதம் 826, வருடத்துக்கு 9,912. கிட்டத்தட்ட 3,000 ரூபாய் மிச்சமாகிறது. வீடு மாறிய செலவு கழுத்தை நெரித்த நேரம், அந்த 3,000 பெரிதாகத் தெரிந்தது. ஜிஎஸ்டியை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஒருவர் சொன்னால் பில் தரமாட்டார் என்று அர்த்தம். இது இப்போது தெரிகிறது.

பணம் கட்டும்போது, "கம்பெனி கியூஆர் கோடு இன்னிக்கு வேலை செய்யல மேடம். என் நம்பருக்குப் போட்டுடுங்க, ஆபீஸ்ல நான் கட்டிடுறேன்" என்றார். போட்டுவிட்டேன். ரசீது வாட்ஸ்அப்பில் வரும் என்றார். வந்தது "பணம் வந்தது, நன்றி" என்ற ஒரு வரி மட்டும்.

ஜூன் 12 அன்று லைன் இழுத்துக் கொடுத்தார்கள். தெருமுனை இபி போஸ்ட்டிலிருந்து கறுப்பு ஃபைபர் ஒயர், எதிர்வீட்டு முருங்கை மரக் கிளையில் ஒரு சுற்று, அங்கிருந்து எங்கள் ஜன்னல். மாமியார் பார்த்துவிட்டு, "மரத்துலயா கட்டுறீங்க, ஒடிஞ்சு விழுந்தா என்னப்பா ஆகும்?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் ஆகாதும்மா" என்று போய்விட்டார்கள்.

முதல் நாளிலிருந்தே வேகம் 38, 39-க்கு மேல் ஏறவில்லை. பணம் வாங்கிய ஆளைக் கேட்டதற்கு "வைஃபைல அப்படித்தான் மேடம் காட்டும்" என்றார். இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. சுவர் மறைத்தால், ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற வேகம் குறைந்த அலைவரிசையில் மட்டும் ஓடினால், வைஃபையில் வேகம் குறையத்தான் செய்யும். அதனால் வேகத்தைப் பார்ப்பதென்றால் ரவுட்டரிலிருந்து லேன் ஒயரை லேப்டாப்பில் நேராகச் செருகிப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு 90-க்கு மேல் காட்ட வேண்டும். மகன் ஒயர் போட்டுப் பார்த்தான், அதிலும் 39. "லேப்டாப் பழசு மேடம்" என்றார். அந்த இடத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்தேன், புரியத்தான் நாளானது. பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரிலேயே நெட் போன நாட்களையும் குறித்து வைப்பேன், ஆபீஸில் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று. ஜூலை 12 நெட் இல்லை, மறுநாள் வந்தது. ஆகஸ்ட் 12 போய் 14 வந்தது. செப்டம்பர் 13 போய் 15 வந்தது. கேட்கும்போதெல்லாம் "சர்வர் மெயின்டனன்ஸ்" என்ற ஒரே பதில். ஒவ்வொரு தடவையும் நெட் வந்த நாளிலிருந்து சரியாக 30-ஆம் நாள் சர்வருக்கு என்ன மெயின்டனன்ஸ்?

நடுவில் ஆகஸ்ட் 23 அன்று வைக்கோல் லாரி ஒன்று உரசி ஒயர் அறுந்தது. பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாகச் சிமிட்டியது. ஃபைபரில் நெட் வெளிச்சமாகத்தான் வருகிறது; சிவப்பு எரிந்தால் அந்த வெளிச்சம் பெட்டிவரை வரவில்லை, கோளாறு வெளியே லைனில் என்று பொருள். ரவுட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, ஆனால் போனில் அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். ஆறு நாள். போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்த்தேன், ஒரு நாள் டேட்டா ராத்திரி 11 மணிக்குள் தீர்ந்துவிடும். இரண்டு நாள் சம்பளம் பிடித்தார்கள்.

29-ஆம் தேதி ஒரு தம்பி வந்தார். இருபது வயதுதான் இருக்கும், வேலை தெரிந்த பையன். வெளிச்சத்தின் பலத்தை அளக்கும் கையடக்கமான பவர் மீட்டரில் ஒயர் நுனியைச் செருகி என்னிடமே காட்டினார், மைனஸ் 29. "மைனஸ் இருபது, இருபத்திரண்டு இருந்தா நல்லதுக்கா. 27-ஐத் தாண்டிட்டா நிக்காது. இத ஸ்ப்ளைஸ் மெஷின் வச்சு ஒட்டணும். எனக்கு மெஷின் குடுத்து விடலக்கா" என்றார். கனெக்டர் மாட்டி, அதன்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுப் போனார். மைனஸ் 26-இல் நின்றது. மழை தூறினால் போகும், வெயில் அடித்தால் வரும். அந்தத் தம்பிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அக்டோபர் 15 அன்று நெட் மறுபடியும் போனது. அப்புறம் வரவே இல்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அந்த ஆளின் போன் இரண்டு நாள் மணி அடித்தது, மூன்றாம் நாள் சுவிட்ச் ஆஃப். கம்பெனியின் ஆபீஸைத் தேடிக்கொண்டு நேரில் போனேன்.

கவுன்ட்டரில் இருந்த பெண் என் யூசர் ஐடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மானிட்டரை என் பக்கம் திருப்பினார். 40 எம்பிபிஎஸ், மாத பிளான், 399 ரூபாய். ரீசார்ஜ் தேதிகள்: ஜூன் 12, ஜூலை 13, ஆகஸ்ட் 14, செப்டம்பர் 15. என் காலண்டரில் நெட் திரும்பி வந்ததாக எழுதியிருந்த அதே நாட்கள். டெபாசிட் என்ற கட்டத்தில் பூஜ்யம். பதிவு செய்த மொபைல் எண் என்னுடையது இல்லை, அந்த ஆளுடையது. காலாவதி மெசேஜ், ரீசார்ஜ் மெசேஜ் எல்லாமே அவர் போனுக்குப் போயிருக்கின்றன. நான்கு ரீசார்ஜுக்கு ஜிஎஸ்டியோடு 1,884 ரூபாய்கூடக் கம்பெனிக்குப் போகவில்லை. மிச்சம் அவர் பையில்.

அந்தத் திரையைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து சம்பாதித்த காசு.

"அவர் எங்க ஸ்டாஃப் இல்ல மேடம், பிரான்சைசி ஆள். இப்ப அவரும் விலகிட்டார்" என்றார் மேனேஜர். ஒயர் அவர்களுடையது, பெட்டி அவர்களுடையது, சட்டையில் இருந்த பெயர் அவர்களுடையது, பணம் மட்டும் யாரோ ஒருவருடையதாம்.

அதற்கப்புறம் செய்தவற்றைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். நேராக டிராயில், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தில், புகார் செய்யலாம் என்று பலர் சொன்னார்கள். டிராய் தனிநபர் புகாரை எடுத்து விசாரிப்பதில்லை. முதலில் கம்பெனியின் புகார் மையத்தில் சொல்லி டாக்கெட் எண், அதாவது புகார் பதிவு எண், வாங்க வேண்டும். வாயால் "பாத்துக்கிறோம்" என்றால் விடாதீர்கள், எண் வாங்குங்கள். அதில் தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் எழுத வேண்டும், அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 2012-இல் டிராய் போட்ட விதி இது. என் டாக்கெட்டை ஒரே வாரத்தில் "தீர்க்கப்பட்டது" என்று மூடினார்கள். மேல்முறையீட்டுக்கு டிசம்பர் நடுவில் பதில் வந்தது: நல்லெண்ண அடிப்படையில் ஒரு மாதம் இலவசம். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிந்திருக்கிறேன்.

தொலைத்தொடர்பு விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் எடுபடாது என்று மேனேஜர் சொல்லிப் பார்த்தார். அது தவறு. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவை என்பதற்குள் தொலைத்தொடர்பும் வருகிறது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இப்படிப்பட்ட புகார்களை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் கிடையாது.

இரண்டாவது தடவை கனெக்‌ஷன் எடுக்கும்போது நோட்டீஸ் எதையும் பார்க்கவில்லை. தெருமுனையில் ஒரு ஜெராக்ஸ் கடை, அதை ஒட்டி இ-சேவை மையம். நெட் போனால் அன்றைக்கு அவர்களுக்கு வியாபாரமே இல்லை. அங்கே போய்க் கேட்டேன்: யாருடைய லைன், கடைசியாக எப்போது போனது, எத்தனை மணி நேரத்தில் ஆள் வந்தார், கரண்ட் போனால் நெட்டும் போகிறதா. இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். சில லோக்கல் லைன்களில் தெருவில் ஒரு பெட்டியில், நெட்டைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் என்ற கரண்டில் ஓடும் கருவியை வைத்திருப்பார்கள், அந்த போஸ்ட்டில் கரண்ட் போனால் உங்கள் வீட்டில் யுபிஎஸ் இருந்தும் நெட் வராது. முழுதும் ஃபைபராக வரும் லைனில் தெருவில் உள்ள பிரிப்பானுக்குக் கரண்டே தேவையில்லை.

இரண்டு கடைக்காரர்களும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். மாதாமாதம் கட்டுகிறேன், ஜிஎஸ்டி எண்ணோடு பில் வருகிறது. வருடச் சலுகை அவர்களும் தருகிறார்கள், நான் எடுக்கவில்லை. மாதாமாதம் கட்டினால், சரியில்லாத அன்றைக்கு ஒரு மாதக் காசோடு விலகிவிடலாம். அன்லிமிடெட் என்றால் என்ன என்று அவர்களிடம் கேட்டபோது மாதம் 3,300 ஜிபி, அதற்குமேல் வேகம் குறையும் என்று மறைக்காமல் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு அதில் கால்வாசிகூட ஆகாது. லைன் கொடுத்த அன்றே அவர்கள் ஆப்பில் என் நம்பரைப் போட்டு உள்ளே நுழைந்து, பிளான் பெயர், முடியும் தேதி, டெபாசிட் மூன்றையும் என் கண்ணால் பார்த்த பிறகுதான் பணம் போட்டேன், அதுவும் கம்பெனிக் கணக்குக்கு. நீங்கள் ஏற்கனவே யாரிடமாவது வருடக் காசு கட்டியிருந்தால் இன்றைக்கே இதைப் பாருங்கள். உங்கள் நம்பருக்கு ஓடிபி வரவில்லை என்றால் உங்கள் கனெக்‌ஷன் வேறு யாரோ ஒருவர் நம்பரில் இருக்கிறது.

எங்கள் தெருவிலும் பின்தெருவிலும் விசாரித்ததில், அதே ஜிபே நம்பருக்கு வருடப் பணம் கட்டியவர்கள் இன்னும் மூன்று வீடு இருக்கிறார்கள். அதில் ஒருவர் ரிட்டயர்டான வாத்தியார். என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேம்மா. வெளிய சொல்லக் கூச்சப்பட்டுட்டுப் பேசாம இருந்துட்டேன்" என்று வருத்தப்பட்டார். ஏமாற்றியவர்தான் வெட்கப்பட வேண்டும் சார், நீங்கள் எதற்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நால்வரும் சேர்ந்து மாவட்ட ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறோம். இந்தப் பகுதியில் உங்களுக்கும் இதே மாதிரி நடந்திருந்தால் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் பேச்சு, ஸ்பீட் டெஸ்ட் படம், நெட் போன தேதிகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பழைய பெட்டியை யார் வந்து கேட்டாலும் எழுத்தில் ரசீது வாங்காமல் கொடுக்க வேண்டாம். என் பெட்டி அலமாரியில்தான் இருக்கிறது, பின்பக்க சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். மனுவோடு சேர்க்க அந்தக் காலண்டர் தாள்களையும் கிழித்து வைத்தாயிற்று.